கங்காணி வாய் மூடிய வருஷம்

இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே மலையேறிப் போனால் வரும் தேயிலைத் தோட்டத்தில், மேல் பிரிவான மேக்கணக்கில், வரிசை வீடுகளான லயத்தில், யாருக்காவது மனசு சரியில்லை என்றால் சண்முகவடிவைத்தான் தேடிப் போவார்கள். அவள் டாக்டரும் இல்லை, மந்திரக்காரியும் இல்லை. கொழுந்து பறிக்கிற பொம்பளை. ஆனால் எந்தக் கவலைக்கு எங்கே போக வேண்டும், எங்கே போகவே கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எப்படித் தெரியும் என்று கேட்டால், "எல்லா எடத்துலயும் போயி ஏமாந்துட்டு வந்தவளுக்குத் தெரியாம பின்ன யாருக்குத் தெரியும்?" என்பாள். அறுபத்தொன்றாம் வருஷம் அவள் அப்படி ஏமாந்து திரிந்த கதைதான் இது.

அவள் புருஷன் நல்லமுத்து கொழுந்துக் கங்காணி. பறிக்கிற பெண்களுக்குப் பின்னால் நின்று வேலை வாங்குவதும் ஏசுவதும்தான் அவருக்கு உத்தியோகம். தொண்டை என்றால் அப்படியொரு தொண்டை. மேக்கணக்கு மலையில் நின்று ஏசினால் கீழ்க்கணக்கில் தூளியில் கிடக்கிற பிள்ளை முழித்துக்கொள்ளும். கூடையில் ஒரு குச்சி கிடந்தால் போதும், பறித்தவளுடைய பாட்டன் பூட்டன்வரை இழுத்துவைத்துப் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, வாய்தான் கெட்டது. யாருக்காவது காய்ச்சல் என்றால், ஏசிக்கொண்டே அவளுக்கு ஒதுக்கிய செடி நிரையையும் சேர்த்துப் பறித்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்த மனுஷர் ஒருநாள் பெரட்டுக்களத்தில், ஆட்களைப் பேர் சொல்லி வேலைக்குப் பிரிக்கிற நேரத்தில், வாயைத் திறக்காமல் நின்றார். பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. மாரியம்மன் கண் திறந்துவிட்டாள் என்று ஒருத்தி கற்பூரம் கொளுத்தவே போய்விட்டாள். கொஞ்ச நாள் மலையில் ஒரே சிரிப்பும் பாட்டுமாகக் கிடந்தது. அப்புறம் அவர் மலைக்கே வரவில்லை. லயத்து அறையான காம்பராவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

உள்ளதைச் சொன்னால், வடிவுக்கும் முதலில் சந்தோஷம்தான். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் சுட்ட ரொட்டிக்கு உப்பு சரியாக இருந்ததாக அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. இப்போது வைத்ததைத் தின்றார். தின்றார் என்பதுகூடப் பெரிய வார்த்தை, பிய்த்துப் போட்டுக்கொண்டார். சந்தேகம் வந்து ஒருநாள் உப்பே போடாமல் ரொட்டி சுட்டு வைத்தாள்.

"ஏங்க, உப்பே போடலைங்க. ஒரு வார்த்தை ஏசுங்களேன்."

அவர் ரொட்டியை மென்று விழுங்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் இது ஏதோ நோய் என்று அவளுக்கு உறைத்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். மருந்து கொடுக்கிற ஐயாவிடம் ஒரு வெள்ளைத் தண்ணீரும் ஒரு சிவப்புத் தண்ணீரும் உண்டு. இரண்டுக்கும் அடங்காத நோயை அவர் நோயாகவே மதிப்பதில்லை.

"எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கலைங்க ஐயா."

"காய்ச்சலா, இருமலா?"

"அதெல்லாம் இல்லீங்க. பேச மாட்டேங்குறாரு. செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்காருங்க."

"அப்ப நோய் இல்ல. வேலைக் கள்ளம்" என்று ஐயா முடிவு கட்டி, வேலைக் கள்ளத்துக்கு என்றே வைத்திருக்கும் விளக்கெண்ணெயை எடுத்து, நின்று பார்த்துக்கொண்டே ஒரு கோப்பை குடிக்க வைத்தார். கங்காணி அன்று முழுவதும் காம்பராவுக்கும் கக்கூசுக்குமாக நடந்தார். அவ்வளவு நடையிலும் ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்ததாகக் கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். "இந்தா பாரு வடிவு, மாசம் முடியுறதுக்குள்ள பெரட்டுக்கு வந்துரணும். இல்லேன்னா வேற கங்காணியப் போட்டுருவேன்னு தோட்டத்துத் தொர சொல்லிட்டாரு. ஆளு கிறுக்கா இருந்தா அங்கொடைக்கு அனுப்பிவிடுங்கன்னும் சொல்றாரு."

அங்கொடை என்றால் கொழும்புப் பக்கத்துப் பைத்திய ஆஸ்பத்திரி. லயத்தில் அதைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை. கதைகளை நம்பியே வடிவு நடுங்கினாள். வேலை போனால் போகட்டும், கூலிக்காரிக்குக் கை இருக்கிறது. இந்த மனுஷனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அவள் என்ன செய்வாள்?

தலவாக்கலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் இப்றாஹிம் நானாவிடம் அழுதாள். நானா கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, என்ட பொஞ்சாதிட தங்கச்சி பௌசியாவத் தெரியுந்தானே? புள்ள கெடச்ச பொறகு அவளும் இப்பிடித்தான் செவரப் பாத்துக்கிட்டு இரிந்தா. நுவரெலியாவுக்கு மாசத்துக்கு ஒருக்கா ஒரு டாக்டர் வாறாரு. ஒக்கார வெச்சுக் கதைச்சுக் கேப்பாரு, மருந்தும் தருவாரு. இப்ப பாருங்க, அவ என்னையே ஏசுறா."

"அவரு பைத்திய டாக்டருங்களா மொதலாளி?"

நானா பதில் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கம் போதும் வடிவுக்கு. பைத்திய டாக்டர் இன்று பார்ப்பார், நாளைக்கு அங்கொடைக்கு வண்டி பிடிப்பார் என்று நினைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டாள். தேடிப் போன மருந்து கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தபோது இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்ததை நினைத்துப் பிறகு அவள் தன்னைத்தானே ஏசாத நாள் இல்லை.

மிச்சம் இருந்தது மூக்கன் கோடாங்கி. உடுக்கையை அடித்து, தலையை ஆட்டி, கண்ணை உருட்டிக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.

"ஒங்க வீட்டுக்காரரப் பிடிச்சிருக்கது சாதாரணப் பேயில்ல வடிவு. அந்தக் காலத்துல ஆத்துல விழுந்து செத்த வெள்ளக்காரத் தொர. அதுக்குத் தமிழ் தெரியாது. அதான் பேச மாட்டேங்குது."

வடிவுக்கு இது ரொம்பச் சரியாகப் பட்டது. அவள் கேட்ட விளக்கங்களில் காரணத்தோடு வந்தது இது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் பேயை இறக்குவதென்று ஏற்பாடு. மூக்கன் விதித்த விதிகள் ஒன்றா இரண்டா? அன்று வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. வடிவு தலைமுழுகி, முடியை முடியாமல் விட்டிருக்க வேண்டும். வாசலில் தண்ணீர்க் குடம் இருக்க வேண்டும். துரை தரையில் உட்கார மாட்டார், ஆகவே வெளியே ஒரு பெஞ்சு போட வேண்டும். சிரித்தால் துரைக்குக் கோபம் வரும், எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்க லயமே திரண்டு, சொன்னபடி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துக் குறுக்குப்பாதையில் ஏறி வந்தாள் கீழ்க்கணக்கு ராக்காயி. இந்தியாவில் துறையூர்ப் பக்கம் நல்லமுத்துவின் சொந்த ஊர்க்காரி, அவரை அண்ணன் என்று உறவு கொண்டாடுகிறவள். உடம்பு சரியில்லாத அண்ணனைப் பார்த்துப் போகலாம் என்றுதான் வந்தாள். ஆனால் அவளுக்கு இன்னொரு பெருமை உண்டு. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். பாதை திரும்புகிற இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள். கூரையில் புகை இல்லை. வாசலில் பெஞ்சும் குடமும். தலைவிரி கோலமாக மதினி. சுற்றிலும் வாயடைத்து நிற்கிற ஆட்கள். எத்தனை சாவு வீடு பார்த்தவள் அவள்! யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முறைப்படி பாதை முனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு தொடங்கிவிட்டாள்.

"மலையதிர ஏசுவீக – என்னப்பெத்த அண்ணாவே
மஞ்சு வெலக ஏசுவீக
கூடையில குச்சி கண்டா
குதிகுதின்னு குதிப்பீக
குச்சியெல்லாம் கூடையில
கொரலு எங்க போனதண்ணே!"

"ஏய், நிறுத்து! ஆளு சாகலை!" என்று மூக்கன் கத்தினார். அழுகிறவளைத் தேற்றத்தான் யாரோ கத்துகிறார்கள் என்று ராக்காயி குரலை இன்னும் ஏற்றினாள். மூக்கன் உடுக்கையை ஓங்கி அடித்தார். அவள் அந்தத் தாளத்துக்கே பாட்டை மாற்றிக்கொண்டாள். போய்த் தடுக்க வேறு யாருக்கும் துணிச்சல் இல்லை. எடுத்த ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். கொழுந்துப் பெண்கள் முதலில் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு ராக்காயி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டதும், கட்டிக்கொண்டவளோடு சேர்ந்து அழாமல் இருப்பது மரியாதை இல்லையே, ஒருத்தி அழுதாள். அப்புறம் எல்லோருமே அழுதார்கள். பாதிப் பேருக்கு அது நிஜ அழுகையாகவே ஆகிவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு, கம்பளியோடு, நல்லமுத்து வெளியே வந்தார்.

ராக்காயிக்குத் திறந்த வாய் திறந்தபடி நின்றது. "அண்ணே... நீங்க போகலையா?" என்றாள். இவ்வளவு நல்ல பாட்டு வீணாய்ப் போனதே என்கிற வருத்தமும் அந்தக் கேள்வியில் இருந்தது.

அவர் நேரே வந்து துரைக்குப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உதட்டை அசைத்துப் பார்த்தார். பூட்டிக் கிடந்த கதவைத் திறக்கிற மாதிரிக் கரகரவென்று குரல் வந்தது.

"நல்லாத்தான் பாடுற. எனக்கு வேணாம் ராக்காயி. எங்க அக்கா வேலாயிக்குப் பாடு."

வடிவு நெஞ்சில் கை வைத்தாள். தாயில்லாத பிள்ளையாக இருந்த நல்லமுத்துவை ஊரில் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்த வேலாயி. இவர் வாயடைத்துப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய ஓர் ஆள் தலவாக்கலை ஸ்டேஷனில் வைத்து, உங்கள் அக்கா போன ஆடியிலேயே செத்துப் போய்விட்டாள் என்று இவரிடம் சொல்லியிருந்தார். காரியமெல்லாம் முடிந்து எத்தனையோ மாதம். பிந்திக் கேட்ட சாவுக்குத் தலைமுழுகினால் போதும் என்பது வழக்கம். முழுகினார், மறுநாள் பெரட்டுக்குப் போனார். துக்கம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை. வடிவுகூட, "வயசானவங்கதானேங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடிப்பாவி, அதை எப்படி மறந்தேன் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ராக்காயி அவர் காலடியில் உட்கார்ந்து வேலாயிக்குப் பாடினாள். இந்தத் தடவை குரலை உயர்த்தவே இல்லை. நல்லமுத்துதான் உயர்த்தினார். ஏசுகிற தொண்டைதானே, அழுகையும் அதே அளவுக்கு வந்தது. அதைக் கேட்டுக் கீழ்க்கணக்கிலிருந்து ஆட்கள் கங்காணி செத்தே போனார் என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். மூக்கன் மட்டும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. "தொர தமிழ் பேசிட்டாரு பாத்தீங்களா?" என்று சொல்லிவிட்டு உடுக்கையைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த ஒப்பாரியோடு எல்லாம் தீர்ந்தது என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அது பச்சைப் பொய். மறுநாளும் அவர் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். ஒரே வித்தியாசம், கேட்டால் பதில் வந்தது. "நெஞ்சுக்குள்ள கல்லு கெடக்குற மாதிரி இருக்கு புள்ள. எந்திரிக்கணும்னு நெனைக்கிறேன், முடியல."

வடிவு அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு நேரே இப்றாஹிம் நானாவிடம் போனாள். இந்த முறை அவர் பௌசியாவையே வரவழைத்துவிட்டார். "அங்கொடைக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க அக்கா. என்னையப் பாருங்க, நான் வீட்டிலதானே இரிக்கன்" என்று சொல்லி, டாக்டர் வருகிற நாளன்று பௌசியாவும் அவர்கள் இருவரோடு நுவரெலியா பஸ்ஸில் ஏறினாள். டாக்டர் சிங்களவர், பௌசியா இரண்டு பக்கமும் மொழிமாற்றிச் சொன்னாள். என்ன நடந்தது என்று அவர் கேட்டார். நல்லமுத்து வேலாயியில் தொடங்கி, விளக்கெண்ணெய் வழியாக, உடுக்கைவரை வந்தார். விளக்கெண்ணெய் வந்த இடத்தில் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதைப் பார்த்துக் கங்காணியும் லேசாகச் சிரித்தார். மாத்திரை கொடுத்து, மாதாமாதம் வரச் சொல்லி, ஆள் வைத்தியத்தில் இருக்கிறார், வேலையைப் பறிக்க வேண்டாம் என்று தோட்டத்துத் துரைக்கும் டெலிபோனில் சொன்னார். பிறகும் நாள் பிடித்தது. மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு காலையில், ரொட்டியில் உப்பு கூடிப்போச்சு என்று அவர் ஏசினார். வடிவு லயம் முழுக்க ஓடி ஓடிச் சொன்னாள்.

அதிலிருந்துதான் ஆட்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். பிள்ளை பெற்றுவிட்டு வெறித்துப் பார்க்கிறவளுக்குப் பௌசியாவைக் கூட்டி வருவாள். அழாத சாவு நெஞ்சில் கிடக்கிறவருக்கு ராக்காயியை அழைப்பாள். சாகலாம் போல இருக்கிறது என்று யாராவது சொன்னால், மட்டு மரியாதை பார்க்காமல் அவரைத் தன் பக்கத்திலேயே உட்கார்த்தி வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாள். எல்லோரிடமும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள்: "வாயடைச்சுப் போறதுக்கு முந்தி வந்து சொல்லுங்க." சரி சரி என்று தலையாட்டுவார்களே தவிர, ஆம்பளைகள் யாரும் முந்தி வந்ததில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, பனி இறங்குகிற மாதம் ஒன்றில், நடுமலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நல்லமுத்து ஒருத்தியின் கூடையைக் கிளறி ஏசிக்கொண்டிருந்தவர், பாதி வார்த்தையில் நின்றார். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிரைகளைக் கடந்து, அத்தனை பேரும் பார்க்க, வடிவின் முன்னால் வந்து நின்றார்.

"வடிவு, அது மறுபடி வருது போல இருக்கு. நாலு நாளா ஒறக்கம் இல்ல. இன்னிக்கி டாக்டரு வர்ற நாளுதானே, போவோமா?"

தன் பெண்டாட்டியிடம், தான் ஏசுகிற ஆட்களுக்கு நடுவில், ஒரு கங்காணி இதைச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவரை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, வெட்கம் விடவில்லை. கூடையை இறக்கிப் பக்கத்து நிரைக்காரியிடம் கொடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க, வெரசா நடங்க. பஸ்ஸு போயிரும்" என்றாள்.