காலியாக விட்ட கட்டம்

கொரோனா பரவிய மாதங்களில், எங்கள் பல்கலைக்கழக ஊழியர்களைத் தினமும் போனில் அழைத்து நலம் விசாரித்துப் படிவத்தில் குறிப்பது என் வேலையாக இருந்தது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே செய்தேன்.

திருவட்டாற்றிலிருந்து வேலைக்கு வரும் துப்புரவுப் பணியாளர் அக்கா எப்போதும் "சொகந்தான் மேடம்" என்பார். அன்று அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.

"மிளகா வறுத்தேன், அந்தக் காந்தல்."

மறுபடியும் இருமல்.

"ஆசுபத்திரிக்குப் போனியளா அக்கா?"

"இருமல்ணு எழுதிராதீங்க மக்கா. நான் தற்காலிகம். பொறவு வேலைக்கு விளிக்க மாட்டாவ."

உங்கள் நலத்துக்காகத்தான் கேட்கிறோம் என்றேன்.

"வேல இல்லாட்டா என்ன நலம்?" என்று சிரித்தார். சிரிப்பும் இருமலாக முடிந்தது.

எழுதினால் அவர் வேலை போய்விடுமா என்று எனக்கும் தெரியவில்லை. எழுதாமல் விட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? 'இருமல்' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறித்தேன், அழித்தேன், காலியாக விட்டேன். மாலையில் மூன்று முறை அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் எடுக்கவில்லை.

நாலாம் நாள் அவரே அழைத்தார். "டெஸ்ட் எடுத்தேன் மேடம், ஒண்ணுமில்லயாம். இருமலும் நிண்ணுட்டு. இனி எழுதிக்கிடுங்க."

அன்றைய கட்டத்தில் 'இல்லை' என்று குறித்தேன். முந்தைய மூன்று நாட்களுக்கு என்ன குறிப்பது என்று யாரிடமும் கேட்கத் தைரியமில்லை. அப்படியே அனுப்பினேன்.