ஏரிக்கு அப்பால் வேறு மாவட்டம்

காலை பஸ் வந்தபோது நான் பள்ளிக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில் ஹெப்சிபாவுக்காகக் காத்திருந்தேன். அவளுக்குக் காய்ச்சல் என்று தெரியும். இன்றாவது வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஊரிலிருந்து கீரை கொண்டுவந்து விற்கும் அக்கா மட்டும் இறங்கினார். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தார்.

"நேத்து சாயங்காலம் இங்கதான்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வந்தாங்க. காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சாம். ஹெப்சி போயிடுச்சும்மா."

வகுப்பில் மற்றவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பது பள்ளியின் படியேறும்போதுதான் புரிந்தது. அவளோடு படித்த உங்களுக்காகவும், அவளைத் தெரிந்த அவள் ஊர்க்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அவள் ஒன்பதாம் வகுப்பில் நம்மோடு சேர்ந்த வாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாவட்டம், கோட்டம், வட்டம், குறுவட்டம், வருவாய்க் கிராமம் என்று பாடம் நடந்தது. அவரவர் மாவட்டத்தைச் சொல்லச் சொன்னார்கள். எல்லோரும் காஞ்சிபுரம் என்றோம். அவள் மட்டும் ராணிப்பேட்டை என்றாள். பின்வரிசையில் யாரோ, "அய்ய, வெளியூரு!" என்றார்கள். அவள் திரும்பி, "தாமல் ஏரியைத் தாண்டுனா எங்க ஊரு. நீ தூங்கி எழறதுக்குள்ள நான் இங்க வந்துடறேன். யாருடி வெளியூரு?" என்றாள். அன்று முதல் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பாடத்தை வரிசை மாறாமல் ஒப்பிப்பதைக் கேட்டு எனக்குப் 'பாடப் புஸ்தகம்' என்று பெயரும் வைத்தாள்.

படிப்பு, வைத்தியம், துணி, மாதா கோயில் திருவிழாவுக்கு வாங்கும் பூ, எல்லாவற்றுக்கும் அவள் வீட்டார் காஞ்சிபுரத்துக்குத்தான் வருவார்கள். ஒரு சான்றிதழில் பிழை திருத்த வேண்டுமென்றால் மட்டும் நேர் எதிர்த்திசையில் இரண்டு பஸ் மாறித் தாலுகா அலுவலகம் போக வேண்டும். அவள் அப்பா பெயிண்ட் அடிக்கிறவர். அப்படிப் போகும் நாளில் அவருக்குக் கூலி போய்விடும். "மேப்புல அந்தக் கோடு மெல்லிசாத்தான் இருக்குது. எங்கப்பா கூட ஒரு வாட்டி போய்ப் பாரு, எவ்ளோ தடிமன்னு தெரியும்" என்பாள். தன் ஊரைக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றிய யோசனை. மனுவின் தமிழ் மட்டும் என்னுடையது.

ஆண்டுக்கொரு முறை தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். ஊர்க் கணக்குகளைச் சரிபார்ப்பார்கள், மக்களிடம் மனுவும் வாங்குவார்கள். பிர்கா என்று சொல்லப்படும் ஒவ்வொரு குறுவட்டத்துக்கும் ஒரு நாள். அறிவிப்பில் அவள் ஊரார் சந்தைக்குப் போகும் ஊரின் பெயர் போட்டிருந்த நாளில் நாங்கள் போனோம். சந்தை எங்கேயோ அதுதான் தங்கள் பிர்கா என்று அவள் தெருவில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பந்தலில் வெகுநேரம் நின்று மேசைக்கு வந்தபோது, எழுத்தர் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, "பாப்பா, உங்க பிர்கா நாளைக்குப்பா" என்றார்.

"சார், நாங்க இன்னிக்கே வந்துட்டோமே. மனுவ வாங்கி வெச்சிக்கினு நாளைக்குப் படிச்சுக்குங்க சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் வாங்கவில்லை. திரும்பும் வழியில் நான் அழாத குறை. அவளோ பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "பரவால்ல, நாளைக்கு வழி கேக்க வேணாம் பாரு" என்றாள். மறுநாள் அவள் தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒருமுறை அவளிடம் கேட்டேன்: "மேப்புல அந்தக் கோடு உங்க ஊருக்கு அந்தாண்ட நகர்ந்துட்டா, அப்புறம் அடுத்த ஊரு ஓரத்துல நிக்குமே. அவங்க என்ன பண்ணுவாங்க?"

"அவங்களும் மனு குடுக்கட்டும். ஜமாபந்திக்கு எந்த நாளு போவணும்னு நான் சொல்லித் தரேன்."

மனுவுக்கு, ஊர் மக்கள் கூடித் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது. அடுத்த கிராம சபையில் பேசுவதற்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தாள். மதிய இடைவேளைகளில் வேப்பமரத்தடியில் நின்று என்னை ஊர்ச் சனமாக உட்கார வைத்துப் பேசிப் பார்ப்பாள். கேள்வி கேட்டால், "உக்காரும்மா, கடைசியில கேளு" என்று அதட்டுவாள். கூட்டத்துக்கு முந்தைய வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

அவள் இல்லாத அந்தக் கிராம சபைக்கு, அவள் அம்மா கூப்பிட்டதால் நான் போனேன். அவள் பேச நினைத்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் எழுந்ததும் தலைவர், "பாப்பா, நீ எந்த ஊரு?" என்றார். காஞ்சிபுரம் என்றேன். அவர் கோபப்படவில்லை. "அப்ப இங்க பேச முடியாதும்மா. உக்காரு" என்றார். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடத்தில் நின்றதுபோல் இருந்தது. உட்கார்ந்தேன்.

ஹெப்சியின் அம்மா எழுந்தார். "எனக்குப் பேசத் தெரியாது. எம் பொண்ணு படிக்க அங்கதான் போச்சு. அது உசுருக்குப் போராடும்போதும் அங்கதான் தூக்கினு ஓடனேன். அங்க யாரும் நீ எந்த மாவட்டம்னு கேக்கல. ஒரு கையெழுத்துக்கு மட்டும் இன்னாத்துக்குப்பா அம்மாந் தூரம் போவணும்?" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"பட்டா சிட்டா எல்லாம் மாத்தணும், தலைவலி" என்று சிலர் முணுமுணுத்தார்கள். தலைவர் கை தூக்கச் சொன்னார். என் கையும் தானாக உயர்ந்துவிட்டது. எண்ணிக்கொண்டு வந்தவரிடம் யாரோ, "அது காஞ்சிபுரத்துக் கை, சேக்காதப்பா" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஹெப்சியின் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே இறக்கிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது.

அது இனி தாலுகாவிலிருந்து கோட்டத்துக்கு, கோட்டத்திலிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து சென்னைக்குப் போகும். அந்த வரிசை எனக்கு முன்பே தெரியும். அதில் ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் பயப்படாமல் கேட்கலாம் என்பதை ஹெப்சியிடம்தான் கற்றேன். அந்தத் துணிச்சலை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மனு என்னவாயிற்று என்று மாதம் ஒருமுறை நானே கேட்டு, அவள் அம்மாவுக்குப் போனில் சொல்கிறேன். அவர் "சரிம்மா" என்பார். ஒருநாள் நல்ல பதில் வரலாம். அப்போதும் அவருக்குச் சொல்வேன். அவர் "சரிம்மா" என்று சொன்ன பிறகு, வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.