பதினேழு இடங்கள்

முதல் நாள், நான் அக்கா என்று கூப்பிடும் அந்த நோயாளியின் முன்கைத் தோலை மடித்துப் பார்க்கப் போனபோது என் விரல்கள் நழுவின. பிடிக்க எதுவும் வரவில்லை. தோல் இறுகிப்போகும் நோய் அவருக்கு. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கொட்டகை ஒன்றில், காய்ந்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டும் வேலையில் பல வருடம் இருந்தவர். அந்தத் தூசியால் வந்ததா என்று கேட்பார். இருக்கலாம் என்பார் டாக்டர். அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை.

ஒரு புது மருந்து தோலை இளக்குகிறதா என்று பார்க்கும் ஆய்வில் நான் நர்ஸ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முகத்திலிருந்து பாதம்வரை பதினேழு இடங்களில் தோலை இரு விரலால் மடித்துப் பார்க்க வேண்டும். இயல்பாக மடிந்தால் பூஜ்யம். மடியவே இல்லையென்றால் மூன்று. கருவி ஏதும் கிடையாது, விரல்தான் அளவு. அதனால் எப்போதும் ஒரே ஆள்தான் பார்ப்பது. அக்காவுக்கு நான்.

மூன்றாவது முறை வந்தபோது புறங்கையும் மார்பும் இன்னும் இறுகியிருந்தன. எழுதப் போகையில் அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இந்த வாட்டியும் கொறையலன்னா இனிமே கூட்டிட்டு வரமாட்டேன்னு வூட்ல சொல்லிட்டாரு சிஸ்டரு." பெண்ணாடத்தில் கரும்பு வெட்டும் வேலையைப் போட்டுவிட்டு வந்த கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"கொறைஞ்சிருக்குக்கா" என்றேன். ஐந்து இடங்களில் குறைத்து எழுதினேன். அவர் வராமல் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் அப்போது மனதில் இருந்தது. தாளைப் பார்த்த டாக்டர் அதே மருந்தைத் தொடரச் சொன்னார்.

அடுத்த முறை அக்காவால் கைப்பையின் ஜிப்பைத் திறக்க முடியவில்லை. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டிருந்தன. அன்றே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருக்கலாம். "ஏறியிருக்குன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே மருந்த மாத்தியிருப்பேன்" என்றார், அவ்வளவுதான். அந்த எண்களை நீக்கினார்கள்; அளக்கும் வேலையிலிருந்து என்னையும்.

அக்காவிடம் நானே சொன்னேன். அவர் தன் கையைப் பார்த்தபடி சொன்னார். "இறுகுறது எனக்குத் தெரிஞ்சுது சிஸ்டரு. சோத்தப் பெசைய முடியல. ஆனா நீங்க கொறைஞ்சிருக்குன்னு சொன்னீங்களே, எனக்குத்தான் ஏதோ பிரமைன்னு இருந்துட்டேன்."

மாற்றிய மருந்து இறுகுவதை நிறுத்தியது. விரல்கள் நிமிரவில்லை. வீட்டில் சோறு ஊட்டும்போது என்னையறியாமல் என் மகளின் கைத்தோலை மடித்துப் பார்க்கிறேன், "என்னம்மா பண்ற?" என்று இழுத்துக்கொள்கிறாள். அக்கா இன்றும் வருகிறார். என்னைக் கண்டால் நலம் விசாரிக்கிறார். கோபித்துக்கொண்டால் தேவலை.

போன வாரம் நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் புது நர்ஸ், "முடிஞ்சுதுக்கா. எப்படி இருக்குன்னு சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள்.

"வேணாம் சிஸ்டரு" என்றார் அக்கா. "எழுதிக்குங்க. எங்கிட்ட சொல்லாதீங்க."