ஓரத்தில் வெட்டு விழுந்த அட்டை

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம், வெளிர் மஞ்சள் நிறம், இடது மேல் மூலை சாய்வாக நறுக்கியது. நெடுகச் சின்னச் சின்ன நீள்சதுரத் துளைகள். வலது ஓரத்தில் அரை நகம் அளவுக்கு ஒரு வெட்டு. எத்தனையோ ஊர்களில் என் பை மாறியிருக்கிறது. ஒருமுறை பையே திருட்டுப் போனது. அன்று அட்டை சட்டைப்பையில் இருந்ததால் தப்பியது. பார்த்தவர்கள் பழைய பஸ் பாஸா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் இதைத்தான் படித்தது என்றால் சிரிப்பார்கள். அந்த வலது ஓர வெட்டுக்கு, சரிபார்த்தாகிவிட்டது, பிழை இல்லை என்று பொருள். இந்த அட்டையில் பிழை இருக்கிறது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ராபர்ட்சன்பேட்டையில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன், பரீட்சைக்குப் போகவில்லை. ஹூப்ளியில் லாரி ஷெட், பம்பாயில் துணி மில் வாசலில் மூட்டை தூக்கல், நடுவில் பல மாதம் எதுவுமில்லை. ஊர் திரும்பியபோது வயது இருபத்தாறு, எடை ஒரு பள்ளிப் பிள்ளையின் எடை. விரல் வேகமாக ஓடும் என்று யாரோ சொல்லி, சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க ஆபீசில் ஓர் அறையில் அட்டை துளைக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. அந்த அறையில்தான் வெரிஃபையர் அக்கா இருந்தார். துளைத்த அட்டைகளைச் சரிபார்ப்பவர் என்பதால் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஊரில் பூமிக்கடியில் பாறை தானாக வெடிக்கும். ஆழத்தில் தோண்டத் தோண்ட மேலிருக்கும் கனம் தாங்காமல் கல் உடைந்து தெறிக்கும். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அலமாரித் தட்டுகள் குலுங்கும். பெண்கள் வெளியே வந்து, அவரவர் வீட்டு ஆள் இறங்கிய ஷாஃப்ட் குழி இருக்கும் திசையைப் பார்த்து நிற்பார்கள். வெடித்தது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் அறையின் வேலை. சுரங்கத்தைச் சுற்றிப் புதைத்திருந்த கருவிகள் ஒவ்வொன்றுக்கும் அதிர்வு எந்த நொடியில் வந்து சேர்ந்தது என்று கருவி அறை கிளார்க் ஒரு தாளில் எழுதி அனுப்புவார். அந்த எண்களிலிருந்து இடத்தைக் கணக்கிட வேண்டும். அதுவரை அக்கம்பக்கத்து வேலையிடங்களை ஒரு நாள் நிறுத்துவார்கள். அதற்குள் விடை வராவிட்டால், மேஸ்திரி கண்ணால் பார்த்துச் சரி என்றால் ஆள் இறங்கும்.

அக்கா அந்த அறைக்கு வந்தபோது கம்ப்யூட்டர் பேச்சே இல்லை. கையால் சுற்றும் கணக்கு மெஷின் ஒன்றுதான். கருப்பு இரும்பு, பக்கத்தில் ஒரு கைப்பிடி. முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். வகுக்க வேண்டுமானால் மணி அடிக்கும்வரை பின்னால் சுற்றி, ஒரு சுற்றுத் திரும்பி வர வேண்டும். ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆகும். சுற்றிச் சுற்றி அவருடைய வலது தோள் இடதைவிடத் தாழ்ந்துவிட்டதாக அவரே சொல்வார். பிறகு அட்டைகள் வந்தன. நாங்கள் துளைத்துக் கொடுக்கும் அட்டைக் கட்டைப் பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு ரயிலில் கொண்டுபோக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் குளிர்ந்த அறை அது. சுவர் நீளத்துக்கு பீரோ பீரோவாக நிற்கும் அந்த மெஷின், நாங்கள் நாள் முழுக்கச் சுற்றியதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். மறுநாள் காலை ரயிலில் விடைத்தாள் ஊருக்கு வரும். சுமந்து போவதும் என் வேலைதான். கட்டு கீழே விழுந்து கலைந்தால் மறுபடி அடுக்குவதற்காக, அக்கா அதன் விளிம்பில் மூலைக்கு மூலை பென்சிலால் ஒரு சாய்கோடு இழுத்து அனுப்புவார். "இன்னாப்பா, மாலை போட்டுக் கொழந்தைய அனுப்பற மாதிரி அனுப்பறேன். பத்திரமா எடுத்துட்டுப் போ" என்பார்.

வேலை முறை இதுதான். தாளைப் பார்த்து நான் அட்டையைத் துளைப்பேன். துளைத்த அட்டையும் அதே தாளும் அறையின் மறுகோடியில் இருக்கும் அவருக்குப் போகும். அவர் தாளை மட்டும் பார்த்து மறுபடி அடிப்பார். நான் அடித்ததும் அவர் அடித்ததும் ஒன்றானால் மெஷின் நகரும். வேறுபட்டால் விசைகள் பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கு எரியும். மூன்று முறை வாய்ப்பு. மூன்றாவதும் ஒத்துவராவிட்டால் அந்த எண்ணுக்கு நேர் மேலே வெட்டு விழும், அட்டை திரும்பிவிடும். எல்லாம் ஒத்தால் வலது ஓரத்தில் வெட்டு. இதில் ஒரே ஒரு சட்டம்: அடித்தவனிடம் சரிபார்ப்பவர் எதுவும் கேட்கக் கூடாது. இரண்டு பேரும் தனித்தனியாக இருந்தால்தான் இரண்டு பேர். பேசிக்கொண்டால் ஒரே ஆள். அதனால் சாப்பாட்டு நேரம் தவிர நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஒன்றரை வருடம் ஒரே அறையில் இருந்தும் அவர் முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவருடைய வீட்டுக்காரர் ஆழத்தில் பாறை சரியாமல் மரத் தாங்கு கட்டுகிறவர். ஒருநாள் காலை பாறை வெடித்தது. பெரிய வெடி இல்லை, ஆனால் அவர் வேலை செய்யும் பக்கம் என்று பேச்சு. மேலே வந்த எல்லோரும் நலம். ஒரு நாள் வேலை நிறுத்தம், மறுநாள் மதிய ஷிஃப்டுக்கு அவர் இறங்க வேண்டும். வழக்கமான கிளார்க் அன்று லீவு. வேறொருவர் எழுதிய தாள் வந்தது. நான் அடித்து முடித்தேன். ரயிலுக்கு அரை மணி இருந்தபோது அக்காவின் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அடித்தார். மறுபடி எரிந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இது ஒண்ணா ஏழா?"

நான் எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை. "ஏழுதான்க்கா. அவரு ஏழ அப்டிதான் போடுவாரு" என்றேன். வழக்கமான கிளார்க்கின் கையெழுத்து எனக்குப் பழகிப் போயிருந்தது. இந்தத் தாள் அவருடையது இல்லை என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

அவர் கை விசை மேலேயே நின்றது. அட்டையைத் திருப்பினால் எழுதியவரைத் தேட வேண்டும், ரயில் போய்விடும். விடை ஒரு நாள் தள்ளி வரும். வீட்டுக்காரர் மேஸ்திரியின் கண்ணை நம்பி இறங்குவார். இதெல்லாம் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். ஏழை அடித்தார். மெஷின் நகர்ந்தது. ஓரத்தில் வெட்டு விழுந்தது. கோடு இழுத்து அட்டைக் கட்டை என் கையில் கொடுத்தபோது குழந்தை, மாலை என்று எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை விடைத்தாளோடு நான் வந்தபோது அக்கா ஆபீசர் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். முந்தின சாயங்காலமே நடந்து போய், அந்தத் தாளை எழுதியவரை வீட்டில் பிடித்துக் கேட்டிருக்கிறார். அவர் எழுதியது ஏழு இல்லை, ஒன்று என்று தெரிந்தது. விடைத்தாளில் வந்த இடமோ வீட்டுக்காரரின் வேலையிடத்திலிருந்து பல நூறு அடி தள்ளி இருந்தது. அதை நம்பினால் அவர் மதியம் இறங்கிவிடுவார். ஆபீசர் கெட்டவர் இல்லை. தாளைத் தட்டிக் காட்டி, "மெஷின் தப்பு சொல்லாதும்மா" என்றார்.

"மெஷின் தப்பு சொல்லல சார். நான் தப்பான அட்டையப் பாஸ் பண்ணிட்டேன்."

"கேட்டியா யாரையாவது?"

"இல்ல சார். அவசரத்துல அடிச்சிட்டேன்."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாப்பா சொல்ற?"

"தாள்ல ஏழு மாதிரி இருந்துச்சு சார். அடிச்சேன்."

அது பொய் இல்லை. துளைப்பவன் தப்பாக அடிப்பது குற்றம் இல்லை. அதற்காகத்தானே இன்னொருவர் இருக்கிறார். தப்பை விட்டதுதான் குற்றம். விடச் சொன்னது நான் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அக்கா ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு போய்ப் பீரோவுக்கு மேலிருந்த பழைய கணக்கு மெஷினை இறக்கித் தூசி தட்டினார்.

மதிய ஷிஃப்டுக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. ஒரு நாள் வேலையை மூன்று பேராகப் பிரித்துக்கொண்டோம்: நான் எண்களைப் படித்தேன், ஆபீசர் வாய்ப்பாட்டைப் புரட்டினார், அக்கா சுற்றினார். கைப்பிடியின் கரகரப்பும் அவ்வப்போது மணியும் தவிர அறையில் வேறு சத்தம் இல்லை. ஷிஃப்டுக்குக் கால் மணி இருக்கும்போது இடம் வந்தது. வீட்டுக்காரரின் வேலையிடம்தான். ஷாஃப்ட் வாசல் பலகையில் அந்த இடத்தை அடைத்துவிட்டதாகச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார்கள். கீழே இறக்கும் கேஜுக்கு நின்றிருந்த வீட்டுக்காரர், விடையோடு வந்திருந்த அக்காவைப் பார்த்து, "உக்காந்த எடத்துலருந்தே என்னை வூட்டுக்கு அனுப்பிட்டியா? போ, சோத்தப் போடு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அந்த இடத்தில் கல் சரிந்தது. ஆள் யாரும் இல்லை.

ஆனாலும் சட்டம் சட்டம். பிழை அட்டைக்கு ஓர வெட்டு விழவிட்டவரை அந்த மெஷினில் உட்கார வைக்க முடியாது என்றார்கள். அக்காவைப் பின்கட்டில் பழைய தாள்களைக் கட்டி அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை, வேறு ஆளும் இல்லை. அவருடைய நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். நான்கு நாள் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் உட்காரும்போது என் வலது தோளும் தானாகத் தாழ்ந்ததுபோல் இருந்தது. ஐந்தாம் நாள், அட்டைக் கட்டிலிருந்து நீக்கி வைத்திருந்த அந்த அட்டையை எடுத்துக்கொண்டு, வழக்கமான அதே ரயிலில் ஏறினேன். இந்த முறை இறங்கித் திரும்பவில்லை.

பிறகு பல ஊர், பல வேலை. அட்டை போய் நாடா வந்தது, நாடா போய்த் தகடு வந்தது, சுவர் நீளத்துக்கு நின்றது மேஜைக்கு வந்து கைக்குள் அடங்கிவிட்டது. இப்போது என் போன், கடவுச்சொல்லை ஒருமுறை அடித்ததும் மறுபடி அடி என்று கேட்கிறது. அதே வேலைதான். இரண்டாவது ஆளும் நானே என்பதுதான் வித்தியாசம்.

போன மாதம் ஊருக்கு வந்தேன். சுரங்கம் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. காலையில் ஸ்டேஷனில் நிற்கிறவர்கள் எல்லாம் பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள். லைனில் அக்காவின் வீட்டைத் தேடிப் பிடித்தேன். வேறு குடும்பம் இருந்தது. மாவுக் கையோடு வெளியே வந்த பெண், "அவங்களா? ரெண்டு பேருமே போய்ச் சேந்துட்டாங்க. முதல்ல அவரு, அப்புறம் அந்தம்மா. நீங்க யாரு?" என்றார்.

"கூட வேலை செஞ்சவன்."

"அப்டியா? தனி ரூம்ல ஒண்டியாவே இருந்தேன், கூட ஒருத்தரும் இல்லன்னு சொல்லினு இருப்பாங்களே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. நினைவு வந்ததைச் சொன்னார்.

"ஏழுன்னு சொன்னது நான்தாம்மா."

"இன்னா ஏழு?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே குக்கர் விசிலடித்தது. "இருங்க, வந்துடறேன்" என்று போனார். நான் இருக்கவில்லை.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அட்டையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஏழின் துளை வழியாக வெளிச்சம் வந்தது. ஒன்று இருந்திருக்க வேண்டிய இடம் மூடியே இருந்தது. ஓர வெட்டில் கட்டைவிரல் தானாகப் போய் நின்றது. இத்தனை வருடத்தில் அந்த இடம் மட்டும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.