தொளிக்குத் தெரிந்த என் கனம்

விரல் இடுக்குகளில் குளுகுளுவென்று பிதுங்கி ஏறும் வயல் சேற்றுக்கு, பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் ஊரில் "தொளி" என்று பெயர். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் நடவுக்கு முன் அதில் இறங்கினால் முதலில் கூச்சம், பிறகு சிரிப்பு, அதற்கும் பிறகு கரையேற மனமே வராது.

உழுத தொளியை நிரவ மாடுகள் இழுக்கும் கனத்த பலகையை "மரம்" என்போம். அப்பா அதன்மேல் நின்று மாடுகளை ஓட்டுவார். ஆள் ஒல்லி என்பதால், பலகை அமுங்குவதற்காக அவர் காலைக் கட்டிக்கொண்டு எப்போதும் அக்கா உட்கார்ந்திருப்பாள். நானும் ஏறுகிறேன் என்று போய் நின்றால், "ஒனக்குக் கனம் காணாது மக்கா, அடுத்த பூவுக்குப் பாப்போம்" என்பார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். மண்ணுக்கு நான் போதவில்லையாம்! அந்த ஆத்திரத்தில் மரச்சீனிக் கிழங்கையும் மீன் குழம்பையும் அக்கா பங்கோடு சேர்த்துத் தின்றேன்; வயிறுதான் உப்பியது, கனம் ஏறிய பாடில்லை.

அக்கா விடுதியில் தங்கிப் படிக்கப் போன வருஷம், வேறு வழியில்லாமல் என்னை ஏற்றினார். நானா சும்மா ஏறுவேன்? பாவாடை மடியில் வரப்போரத்து மண்கட்டிகளைப் பொதிந்து முடிந்துகொண்டு, பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்தேன். மூலையில் மாடுகள் வெடுக்கென்று திரும்பியதும் மடிச்சுமை ஒரு பக்கமாக இழுக்க, தொளியில் குப்புற விழுந்தேன். நடவுக்கு வந்திருந்த பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். இனி ஏற்றமாட்டார் என்று எனக்கு உயிரே போய்விட்டது.

அப்பா மாடுகளை நிறுத்திவிட்டு வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். மூக்கும் விரித்த கைகளும் மடிக்கட்டிகளுமாக நான் விழுந்த அச்சு தொளியில் அப்படியே கிடந்தது. அதைக் குனிந்து பார்த்தவர், "பாத்தியா ஏட்டி, என்ன ஆழம் எறங்கியிருக்கு! கனமுள்ள பிள்ளைதான். கட்டியத் தூரப் போட்டுட்டு ஏறு" என்றார். அன்று நாங்கள் போன வழியெல்லாம் தொளி வழவழவென்று நிரந்து வருவதை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

இப்போது மரமும் இல்லை, மாடுகளும் இல்லை. டிராக்டர் வந்து, நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் வேலையை முடித்துவிட்டுப் போகிறது. நாகர்கோவிலில் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் என்னிடம் எடையைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். இந்தக் கன்னிப்பூவுக்கு ஊருக்குப் போனபோது, செருப்பை வரப்பில் கழற்றிப் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொளியில் கால் வைத்தேன். முழங்கால் வரை வாங்கிக்கொண்டது. வரப்பில் குடை பிடித்து நின்ற அப்பா, "கொள்ளாமே மக்கா! இந்தக் கனம் அன்னைக்கு இருந்திருந்தா நான் மரத்துல நிக்காண்டாமே!" என்று மெச்சினார்.

நான் சிரித்த சிரிப்பில் மற்றக் காலும் இறங்கியது. எனக்குக் கரையேற மனமே வரவில்லை.