அவரைப் பந்தலில் நம்ம ஆளுங்க

என் வீட்டுக்காரர் குன்னத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார். பருத்தி, மக்காச்சோளம், வெங்காயம், எதில் எது வந்தாலும் அவரிடம் அதற்கொரு டப்பா இருக்கும். சாயங்காலம் பெரம்பலூர் வீட்டுக்குள் அவர் நுழைவதற்கு முன்னாலேயே அந்த வாடை நுழைந்துவிடும். அதனால் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன்: கடை உங்களுக்கு, கொல்லை எனக்கு, அங்கே ஒரு சொட்டு மருந்து விழக் கூடாது. "சரிம்மா தாயே" என்று கும்பிட்டார். கும்பிட்ட கையோடு ஸ்பிரேயரைக் கொண்டுவந்து கொல்லைக் கதவுக்குப் பின்னால் வைத்தார். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

இந்தத் தை மாசம் அவரைப் பந்தலில் அசுவினிப் பூச்சி ஏறிவிட்டது. கொழுந்தெல்லாம் கறுப்பாக மொய்த்து, இலை பிசுபிசுவென்று ஒட்டியது. மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

"என் வூட்டு அவரையே இப்புடி கெடந்தா எவன் என்கிட்ட மருந்து வாங்குவான்? ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் அடிச்சுருவேன், சொல்லிட்டேன்."

இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அப்புறம் கொல்லையும் கடைதான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலையில் காபி டம்ளரோடு பந்தலைச் சுற்றினேன். ஒரு இலைக்கு அடியில் முடி மாதிரி மெல்லிசாகச் சில காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. போன வருஷம் கத்தரியில் இதைப் பார்த்துப் பூஞ்சை என்று பயந்து, இலையைப் பாட்டிலில் போட்டு வேடிக்கை பார்த்தவள் நான். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. வெளியே வரும் புழு அசுவினியைப் பிடித்து உறிஞ்சித் தள்ளிவிடும். பக்கத்து இலையில் பொறிவண்டு முட்டை, மஞ்சளாக, நாற்று நட்ட மாதிரி நெருக்கமாக. வந்த சந்தோஷத்தில் "வாங்க, வாங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பின்னாலேயே வந்த இவர் கட்டைவிரலை நீட்டிவிட்டார். பருத்திக்காட்டுப் பழக்கம். முட்டை என்றால் நசுக்க வேண்டும், அவ்வளவுதான். கையைத் தட்டிவிட்டேன்.

"இது நம்ம ஆளுங்க. தொட்டீங்க, ராத்திரி சோறு கெடையாது."

"இந்த முட்டைய வச்சுக்கிட்டு என்னாடி பண்ணுவ?" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். பந்தலில் பாதி அசுவினி அப்படியே இருந்தது. சொன்னால் கேட்கிற ஆளா? ஒரு கொழுந்தை வளைத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். பொறிவண்டுப் புழு ஒன்று அசுவினியைக் கவ்வி மென்றுகொண்டிருந்தது. இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். புழு அதை முடித்துவிட்டு அடுத்ததைப் பிடித்தது. தோளில் சுமையோடு அப்படியே நின்றார். "சரி, இன்னும் ஒரு வாரம்" என்று முனகிவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரத்துக்குள் கொழுந்து பச்சையாகத் தெளிந்துவிட்டது. கடைக்கு வாடிக்கையாக வரும் பருத்திக்காரப் பெரியவர் ஒருவர் செந்துறைப் பக்கத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவர் பந்தலைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்ன மருந்து மாப்ள அடிச்ச? எனக்கும் அதையே குடு."

இவர் தொண்டையைச் செருமினார். நான் அடுப்படி ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். பெரியவர் பேச்சோடு பேச்சாக ஒரு இலையைத் திருப்பினார், மஞ்சள் முட்டையைக் கண்டார், கட்டைவிரலைக் கொண்டுபோனார். இவர் சட்டென்று அவர் கையைப் பிடித்தார்.

"நசுக்கிடாதீங்க மாமா. அது நம்ம ஆளுங்க."