கொலம்பஸின் கடைசி வரிசை

பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு கொலம்பஸில் ஏறக்கூடாது என்று எந்தப் பொருட்காட்சிப் பலகையிலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், குடித்திருப்பவர்கள் என்று பட்டியல் போடுகிறவர்களுக்கு ஆரணிக்காரர்களைப் பற்றித் தெரியாது. எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றால் நடக்கப் பழகின குழந்தைக்கும் பட்டுதான். அன்று காலை சேவூரில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்ததும், உடை மாற்றக்கூட வீட்டுக்குப் போகாமல், நேராகப் பொருட்காட்சி மைதானத்துக்குப் போய்விட்டோம். எனக்கு எட்டு வயது, பரீட்சை லீவு. மாம்பழ நிறத்தில் புதுப் பாவாடை. எங்கள் வீட்டுத் தறியில் நெய்தது என்பதால் அம்மாவுக்கு அதன்மேல் என்னைவிடக் கவலை அதிகம்.

கூட்டிப்போனவர் மாமா, அம்மாவின் அண்ணன். தேசூரில் அரிசிக் கடை வைத்திருந்தார். அவருடைய தொப்பை அவருக்கு ஒரு அடி முன்னால் நடந்து போகும். அவர் வந்துவிட்டால் அம்மாவின் குரலே மாறிவிடும். கூட வந்த இன்னொருத்தி அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். தறியில் உட்காருவாள், தண்ணீர் பிடிப்பாள், என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவாள். ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வீட்டில் அவளுடைய ஒவ்வொரு நாளும் நகர்ந்தது. இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம், அம்மா பக்கத்து வீட்டில் சொல்லக் கேட்டதுதான். அத்தைக்கு என்மேல் இருப்பது பாசமில்லை, தனக்கு ஒன்று இல்லையே என்கிற வயிற்றெரிச்சல்.

கொலம்பஸ் என்றால் தெரியும்தானே. பெரிய கப்பலை நடுவில் தொங்கவிட்டு, தூளியை ஆட்டுவது போல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆட்டுவார்கள். நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. ஓரத்துக்குப் போகப் போகக் கூடும்.

"ஏறினா கடைசி வரிசைல ஏறணும். நடுவுல ஒக்கார்றதுக்கு ஊட்லயே ஊஞ்சல் கட்டிக்கலாம்" என்றார் மாமா.

அத்தை பின்வாங்கினாள். "எனக்கு வாணாம் அண்ணி, பாக்கறப்பவே தல சுத்துது."

அம்மாவின் இடுப்பில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். "அப்ப இவள யாரு பாத்துக்கறது? நீ பக்கத்துல ஒக்காந்து கெட்டியா புடிச்சிக்க, போ" என்றாள். அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள்.

கடைசி வரிசையில் மாமா, நான், அத்தை. மூன்று பேருக்கும் சேர்த்து மடிமேல் ஒரே இரும்புக் குழாய். அதை இறக்கிப் பூட்ட வந்த ராட்டினக்கார அண்ணன் மாமாவின் தொப்பை வரைக்கும் இறக்கினார். அதற்குமேல் அது இறங்கவில்லை.

"கொஞ்சம் எக்கிக்கங்க சார்" என்றார்.

மாமா எக்கினார். குழாய் ஒரு பல் இறங்கியது. அவ்வளவுதான். அத்தை கையை வைத்துப் பார்த்தாள். குழாய்க்கும் என் மடிக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் இருந்தது. "இது பாப்பாவ அண்டவே இல்லீங்களே" என்றாள். "கைல புடிச்சிக்கங்கம்மா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு அந்த அண்ணன் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

முதல் நாலைந்து ஆட்டம் சுகமாகத்தான் இருந்தது. கீழே அம்மா தெரிந்தாள், கை காட்டினேன். பிறகு கப்பல் உயர ஆரம்பித்தது. கீழே பாய்ந்து வந்து அடிப்பகுதியைக் கடக்கும்போது யாரோ தலையில் கைவைத்து அமுக்குவது போல உடம்பு கனத்தது. கன்னம் இழுத்தது, கண்ணோரம் மங்கலானது. மேலே ஏறி உச்சியில் ஒரு நொடி நிற்கும்போதோ உடம்பில் எடையே இல்லை. கல்யாணத்தில் சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு வந்து எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. இப்போது வேலூரில் தோளும் முழங்காலும் கெட்டுப்போய் வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை எனக்கு. அடியில் உடம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும், உச்சியில் கனம் கழன்றுவிடும், அந்த நேரத்தில் எதைப் பிடித்திருக்கிறோமோ அதுதான் நம்மைக் காப்பாற்றும் என்று கணக்காகச் சொல்வேன். அன்றைக்கு நான் பிடித்திருந்தது மார்புக்கு நேரே இருந்த ஒரு குழாயை, வியர்த்த கையால்.

எங்கள் கோடி மேலே போனால் முகம் கீழே பார்க்கும். பெயின்ட் அடித்த தகர இருக்கை. அதன்மேல் புதுப் பட்டு. அடுத்த உச்சியில் என் பின்புறம் இருக்கையை விட்டு எழும்பியது. அதற்கடுத்ததில் நான் வழுக்கினேன். குழாய் முகத்தை உரசிக்கொண்டு மேலே போனது. அதாவது, நான் அதற்கு அடியில் போய்க்கொண்டிருந்தேன். கைப்பிடி விட்டுப்போனது.

அத்தை பாவாடையைப் பிடித்தாள். பட்டு அவள் கையிலிருந்து நழுவியது. மறுபடி கொத்தாகப் பிடித்தாள், இடுப்பில் தையல் பிரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு என் புஜத்தைப் பிடித்தாள். நகம் சதைக்குள் இறங்குகிற பிடி. இடது கையைக் குழாயில் கோத்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி என் வயிற்றின் குறுக்கே போட்டு முன் இருக்கையில் உதைத்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க! பாப்பா உழுவுது! நிறுத்துங்க!"

கப்பலில் இருந்த அத்தனை பேரும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. இயக்குகிறவர் எங்கள் வரிசையைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் வேகத்தைக் கூட்டினார். யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்களுக்கு இரண்டு ஆட்டம் கூடுதலாகக் கொடுப்பது அவர்கள் செய்யும் மரியாதை. மாமா கண்ணை இறுக மூடி, குழாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். உலகமே இடிந்து விழுந்தாலும் அவர் திறந்து பார்த்திருக்க மாட்டார். கீழே அம்மா எங்களைப் பார்த்துச் சந்தோஷமாகக் கை ஆட்டினாள்.

ஒவ்வொரு முறை அடிப்பகுதியைக் கடக்கும்போதும் என் கனம் முழுவதும், கூடவே வேகம் சேர்த்த கனமும், அத்தையின் வலது தோளில் போய்த் தொங்கியது. ஒருமுறை அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கத்தல் இல்லை, மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நிறுத்திக்கொண்ட சத்தம். பிடி மட்டும் தளரவில்லை. இன்னும் எத்தனை ஆட்டம் போனது என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணவில்லை, என் கை எரிந்துகொண்டிருந்தது.

இறங்கியதும் மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். எனக்குப் பல் கிடுகிடுத்தது. பயம் என்று அதற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை. வழுக்கினது விளையாட்டில் ஒரு பகுதி என்றே நினைத்தேன். எனக்கு நன்றாகப் புரிந்த ஒன்று வலி. அதற்குக் காரணமான ஆள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"அம்மா, அத்த என்னிய பிராண்டிச்சி. பாவாடைய கிழிச்சிச்சி. வேணும்னே பண்ணிச்சி" என்று புஜத்தைக் காட்டி அழுதேன். நாலு நகக்குறியில் ரத்தம் கசிந்திருந்தது.

அம்மா பாவாடையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள். "புடிச்சிக்கன்னு சொன்னா, இப்டியா பண்ணுவ? பெத்திருந்தாதான தெரியும்."

சுற்றிலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சோடா குடித்துக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னால் மாமாவின் தொப்பையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கடைசி வரிசையில் முடிக்க வேண்டும். அம்மாவின் அண்ணன்மேல் பழி போட்டுவிட்டு எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சோறு தின்றுவிட முடியாது.

"பயத்துல புடிச்சிட்டேன் அண்ணி" என்றாள்.

மாமாவுக்கு உயிர் வந்தது. "ஊரையே கூட்டிட்டயேம்மா, நிறுத்துங்க நிறுத்துங்கன்னு!" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு, வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை கொலம்பஸில் கத்திய கதைதான். அவள் மாதிரியே கத்திக் காட்டுவது நான். நன்றாகவே செய்வேன், எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

இன்றைக்கும் அத்தையின் வலது கை காதுக்கு மேலே ஏறாது. யார் யாருடைய தோளையோ பழக்கி மேலே தூக்க வைத்திருக்கிறேன். அவளுடையதைத் தொட்டுப் பார்க்கிற படிப்பு எனக்கு வருவதற்குள் அது இறுகிப்போய்விட்டது. "உடு கண்ணு, பழகிப்போச்சி" என்கிறாள்.

பொருட்காட்சிக்கு மறுநாள் காலை நான் விளையாடக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தை தலைமுடி அவிழ்ந்து கிடக்க, இடது கையில் சீப்போடு வாசல்வரை என் பின்னாலேயே வந்தாள்.

"கண்ணு, இத்த கொஞ்சம் பின்னி உடுறியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒனக்குத்தான் கை கீதே, நீயே பின்னிக்க" என்றேன்.

"காலங்காத்தால தலைய விரிச்சிப் போட்டுகினு நிக்காத" என்று உள்ளேயிருந்து அம்மா சத்தம் போட்டாள். பெரியவர்களுக்கும் சோம்பல் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் தெருவில் ஓடினேன்.